ஆபத்துக்கு ஆதாரம் இல்லை

கூம்ப் பார்ட்டன் பண்ணை, டிவர்ட்டன் அருகே, டெவன்
9 மார்ச் 1987

ஹெஸ்டருக்கு,

அப்பாவைப் புதைத்த நாளிலிருந்து நாம் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. வருஷம் மூன்றாகிறது. இப்போதும் உறவைப் புதுப்பிக்க எழுதவில்லை. என் மாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது. அரசாங்க ஆய்வகத்தில் மாட்டு மூளையை அறுத்துப் பார்ப்பது உன் உத்தியோகம். தம்பி எழுதுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதே, ஒரு பண்ணைக்காரன் எழுதுகிறான் என்று எடுத்துக்கொள்.

மாட்டின் பெயர் டாம்சன். ஐந்து வயது, மூன்று ஈற்று. பரம சாது. என் மகள் ரொவீனாவுக்கு இப்போது பத்து வயது. டாம்சன் கன்றாக இருந்த காலத்திலிருந்தே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். இரண்டு வாரமாக டாம்சன் கறவைக் கூடத்து வாசற்படியைக் கண்டால் மிரள்கிறது. இல்லாத பள்ளத்தைத் தாண்டுவது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. வாளி விழுந்த சத்தத்துக்கு உடம்பெல்லாம் நடுங்கிற்று. நேற்று மேவிஸை உதைத்துவிட்டது. என் மனைவி மாட்டிடம் உதை வாங்கியது இதுதான் முதல் தடவை.

மாட்டு டாக்டர் ஹாலெட் வந்தார். “மெக்னீசியம் குறைச்சல் க்ளைவ், ஒரு ஊசி போட்டா எழுந்து ஓடும்” என்றார். போட்டார். ஓடவில்லை, விழுந்தது. மறுபடி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “இந்தப் பக்கத்துல இது நாலாவது. யார் யார் பண்ணைன்னு மட்டும் என்கிட்ட கேக்காத.”

ஏன் கேட்கக் கூடாது? அவரிடம் கேட்டேன், பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். உன்னிடம் கேட்கிறேன்.

க்ளைவ் லஸ்கம்


கில்ட்ஃபோர்ட்
14 மார்ச் 1987

க்ளைவ்,

மாட்டை ஊசி போட்டுக் கொல்லச் சொல். தலையில் சுட வேண்டாம், மூளை சிதையாமல் வேண்டும். தலையை ஹாலெட் மூலமாக அனுப்பு. ஆய்வகத்தின் பெயருக்கு அனுப்பு, என் பெயருக்கு வேண்டாம். நாம் கூடப்பிறந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாவிட்டால் தெரியாமலே இருக்கட்டும்.

மீதி உடலைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதை. நாய்க்குக்கூட ஒரு துண்டு போடாதே. அக்கம்பக்கத்தில் எதுவும் பேசாதே. காரணம் கேட்காதே.

அப்பா சாகக் கிடந்த மூன்று நாளும் நீ எனக்குத் தகவல் அனுப்பவில்லை. அதை நான் மறக்கவில்லை. இந்த மாட்டைப் பார்ப்பது அதை மன்னித்ததாக ஆகாது.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
2 ஜூன் 1987

ஹெஸ்டருக்கு,

தலையை அனுப்பிப் பதினோரு வாரம் ஆகிறது. ஹாலெட்டைக் கேட்டால் “ஆய்வகத்துலேர்ந்து தாள் வரல” என்கிறார். உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நேற்றுக் காலை ஒரு கார் வந்தது. அமைச்சகத்து ஆள், பெயர் ஆக்லண்ட். சேற்றில் கால் வைக்கத் தயங்குகிற ஆள். தொழுவத்தைப் பார்த்தார், தீவன மூட்டைகளைப் பார்த்தார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

“பயப்பட ஒண்ணுமில்ல மிஸ்டர் லஸ்கம். எங்கேயோ ஒரு மாட்டுக்கு வர்ற நரம்புக் கோளாறு, அவ்வளவுதான்.”

மேவிஸ் சும்மா இருப்பாளா? “ஒரு மாட்டுக்காகவா லண்டன்லேர்ந்து இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தீங்க? எங்க வீட்டு மாட்டுக்கு இவ்வளவு மதிப்பா!” என்றாள்.

அவர் சிரித்தார். கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: “உங்க அக்கா ஏதாவது எழுதினாங்களா?”

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ வாயை மூடு என்றாய், மூடினேன். அப்படியானால் நீ என் அக்கா என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? நீயே சொன்னாயா? என்னைக் காட்டிக்கொடுத்து உன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டாயா?

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
11 ஜூன் 1987

க்ளைவ்,

நான் சொல்லவில்லை. ‘லஸ்கம்’ என்ற பெயர் மாட்டுத் தலையோடு வந்த சீட்டிலும் இருக்கிறது, ஆய்வகத்துச் சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது. கண் உள்ளவர் எவருக்கும் தெரியும். உன் இரண்டு கடிதங்களும் எனக்கு வரவே இல்லை. ஆய்வக முகவரிக்குப் போட்டாயா? இனி வீட்டு முகவரிக்கு மட்டும் எழுது.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். டாம்சனின் மூளையைச் சீவி நுண்நோக்கியில் வைத்தேன். சல்லடை. நரம்புக்கு நரம்பு துளைகள். செம்மறியாடுகளுக்கு இப்படி ஒரு நோய் இருநூறு வருஷமாக இந்த நாட்டில் உண்டு; வேலியில் உரசி உரசியே தோலைப் பிய்த்துக்கொண்டு சாகும். மாட்டில் இதை யாரும் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்துவிட்டோம். உன்னுடையது ஏழாவது தலை.

கிருமி என்று சொல்ல முடியவில்லை. ஒரு புரதம் தப்பாக மடிந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிற நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிக்கிறது என்கிறார்கள். வேகவைத்தாலும் சாகாது. உயிர் இருந்தால்தானே சாகும்.

நாங்கள் எழுதிய கட்டுரை தலைவரின் மேசையில் கிடக்கிறது. ஆட்டு நோயின் பெயரை மாட்டோடு சேர்த்து எழுதக் கூடாதாம். பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் பேசக் கூடாதாம். “ஏற்றுமதி” என்று மட்டும் சொன்னார், விளக்கம் சொல்லவில்லை.

உன் மாடுகளுக்கு என்ன தீவனம் போடுகிறாய்? மூட்டையில் என்ன இருக்கிறது என்று விசாரித்து எழுது. மேவிஸிடம்கூட இதைக் காட்டாதே.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
20 ஜூன் 1987

ஹெஸ்டருக்கு,

மேவிஸிடம் காட்டிவிட்டேன். இந்த வீட்டில் உதை வாங்கியவள் அவள்தான்.

மூட்டையில் ‘புரதம் பதினெட்டுச் சதவீதம்’ என்றுதான் போட்டிருக்கிறது. எது புரதம் என்று போடவில்லை. தீவனக்கடை பாசில் யோவிடம் கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“எலும்புத் தூளு, எறச்சித் தூளு. அறுப்புக் கூடத்துல மிஞ்சுறத வேகவச்சு அரைக்கிறாங்க. எல்லாக் கம்பெனித் தீவனத்துலயும் இருக்கு. இத்தன வருஷமா வாங்குற, உனக்குத் தெரியாதா?”

“எதோட எறச்சி பாசில்?”

“ஆடு, மாடு... என்ன கெடைக்குதோ அது. ஏன்யா, மாடு வந்து புகார் சொல்லுச்சா?”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தொழுவத்தில் நின்றேன். புல் தின்கிற ஜீவனுக்கு என் கையாலேயே அதன் இனத்தை அள்ளி ஊட்டியிருக்கிறேன்.

அன்றே அந்தத் தீவனத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் பாசில் இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தது அவருக்கு ஏன் தெரியவில்லை? உனக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. என் பண்ணையை வைத்து எதையோ நிரூபிக்கப் பார்க்கிறாய் என்றுதான் தோன்றுகிறது.

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
18 அக்டோபர் 1988

க்ளைவ்,

போன வியாழக்கிழமை ஸாமர்செட்டிலிருந்து ஒரு தலை வந்தது. டென்ஸில் வின்ஸர் என்பவரின் பண்ணை. காது வில்லையில் இருந்த எண் அவருடைய மந்தையின் எண் அல்ல. கூம்ப் பார்ட்டனின் எண்.

அந்த மாட்டை நீ செப்டம்பரில் சந்தையில் விற்றிருக்கிறாய். நோய் கண்ட மாட்டைச் சொல்லாமல் விற்பது ஜூனிலிருந்தே குற்றம். நாட்டில் மற்ற எந்தப் பண்ணைக்காரரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லலாம். உன்னால் முடியாது. உனக்கு நான் எழுதியிருக்கிறேன்.

மாடு கறவைக் கூடத்தில் வின்ஸர் மேல் சாய்ந்து, அவர் தொடை எலும்பு முறிந்திருக்கிறது.

அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
23 அக்டோபர் 1988

ஹெஸ்டருக்கு,

ஆமாம். அந்த மாட்டின் பெயர் ஹேசல். விற்றேன்.

காதை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மட்டும் படியில் தயங்கியது. அதற்கு மேல் ஒன்றும் நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. உங்கள் மந்திரி, நோய் கண்ட மாட்டைச் சொன்னால் பாதி விலை தருவேன் என்கிறார். சந்தையில் முழு விலை. இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று சந்தைக்கு ஒரு தடவை வந்தவனுக்கும் தெரியும். அமைச்சகத்தில் ஒருவனும் சந்தைக்குப் போனதில்லையா, இல்லை, தெரிந்தே போட்டார்களா?

நீ அருவருப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். ‘யாரிடமும் பேசாதே’ என்று முதலில் எழுதியது யார்? அன்றைக்கே சந்தையில் நின்று கத்தியிருப்பேன். என்னை வாயடைக்க வைத்துவிட்டு, இப்போது ‘ஏன் பேசவில்லை’ என்று கேட்கிறாய்.

அப்பா சாகக் கிடந்ததை நான் உனக்குச் சொல்லாததற்கும் காரணம் கேட்டுக்கொள். “அவள வரச் சொல்லாத. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்குற மாதிரி என்னப் பாப்பா” என்று அப்பாதான் சொன்னார். இதுவரை உன்னிடம் சொல்லாமல் இருந்தது உன்மேல் இருந்த இரக்கத்தால். இனி அது இல்லை.

போய்ச் சொல். என் எண் உனக்குத் தெரியும்.

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
24 மே 1990

க்ளைவ்,

நான் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

இன்றைய செய்தித்தாளில் உன் படம் வந்திருக்கிறது. டெவன் கண்காட்சிப் பந்தல். துணை மந்திரி ஒரு பக்கம், ‘விவசாயிகள் சங்கத்தின் வட்டாரத் தலைவர் க்ளைவ் லஸ்கம்’ இன்னொரு பக்கம். இரண்டு பேர் கையிலும் மாட்டிறைச்சி வைத்த ரொட்டி. உன் வாய் நிறைய இருக்கிறது.

நீ அதை விழுங்கினாயா, படம் எடுத்த பிறகு துப்பினாயா? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
3 ஜூன் 1990

ஹெஸ்டருக்கு,

விழுங்கினேன். கடுகு கொஞ்சம் தூக்கல்.

விலை விழுந்து கிடக்கிறது. எங்கள் வட்டாரத்திலேயே இரண்டு பேர் மந்தையை விற்றுவிட்டார்கள். சங்கத்தில் கூப்பிட்டு, “க்ளைவ், நீ நின்னா ஜனங்க நம்புவாங்க” என்றார்கள். நின்றேன்.

உன்னை நம்பித்தான் நின்றேன் என்றால் சிரிப்பாயா? சங்கத்திலிருந்து ஓர் அறிக்கை அனுப்பினார்கள். அறிஞர் குழு தயாரித்தது. நாலாம் பக்கத்தில், மனிதர் மாட்டிறைச்சி தின்பதைப் பற்றி ஒரு வரி: ‘ஆபத்துக்கு ஆதாரம் இல்லை.’ கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள். மூன்றாவது கையெழுத்து எச். லஸ்கம்.

ரொவீனாவின் பள்ளிக்கூடத்தில் போன மாதம் மதியச் சாப்பாட்டிலிருந்து மாட்டிறைச்சியை எடுத்துவிட்டார்கள். இது பண்ணைக்காரர்கள் ஊர். என் மகள் உட்பட அங்கே பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள். நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். தலைமையாசிரியை கேட்டார்: “உங்களுக்கு நிச்சயமா தெரியுமா மிஸ்டர் லஸ்கம்?” நான் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “இதுல கையெழுத்துப் போட்டிருக்கறது என் கூடப்பொறந்த அக்கா. எனக்கு ஒண்ணு வந்தா அவ சந்தோஷப்படுவா. ஆனா விஞ்ஞானத்துல பொய் சொல்ல மாட்டா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை இறைச்சி திரும்பி வந்தது.

அதனால் எனக்குப் படம் காட்டாதே. உன் கையெழுத்தைப் போட்டுவிட்டு என் வாயைக் கேள்வி கேட்காதே.

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
8 ஜூன் 1990

க்ளைவ்,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் எழுதிக் கொடுத்த வரி இது: ‘ஆபத்து இல்லை என்பதற்கு ஆதாரம் இல்லை.’ ஐந்து சொல். தட்டச்சாகித் திரும்பி வந்தபோது மூன்று சொல்லாக இருந்தது. ‘ஆபத்துக்கு ஆதாரம் இல்லை.’

ஆக்லண்டிடம் போனேன். அதே ஆக்லண்ட்தான், இப்போது பெரிய பதவி. “ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதானே டாக்டர்? ஜனங்களுக்கு இது சுலபமா புரியும்” என்றார். ஒன்றல்ல என்று சொன்னேன். “அப்ப ஆபத்து இருக்குன்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?” என்றார். இல்லை. அன்றைக்கு இல்லை. எலியிலும் பன்றியிலும் சோதனை முடிய இன்னும் வருஷங்கள் ஆகும். “ஆதாரம் வரட்டும், அன்னைக்கே மாத்திடுவோம். இப்ப நீங்க கையெழுத்துப் போடலைன்னா அந்தச் சோதனைக்கான அனுமதியே நின்னுபோகும்” என்றார். மிரட்டல்போலத் தொனிக்கவே இல்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

போட்டேன். சோதனை முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போ. அந்த வரி தப்பு என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல். ரொவீனாவுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொடு.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
12 செப்டம்பர் 1995

ஹெஸ்டருக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. ஒரு தடவை நின்று சொன்னதை மறுபடி நின்று மாற்றிச் சொல்ல முகம் இல்லை. நீ யாருக்காக அப்படி எழுதுகிறாய் என்ற சந்தேகமும் இருந்தது.

இப்போது மேவிஸ் எழுதச் சொல்கிறாள். ரொவீனாவுக்கு உடம்பு சரியில்லை. பதினெட்டு வயது முடிந்துவிட்டது. டிவர்ட்டன் நூலகத்தில் வேலை. நீச்சலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். வசந்தத்திலிருந்து ஒரே அழுகை. நூலகத்தில் புத்தகத்தை அடுக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள். எக்ஸிடரில் டாக்டர் பார்த்தார். “மனச்சோர்வு. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான். காதல் கீதல்னு ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க” என்றார். மாத்திரை கொடுத்தார்.

மேவிஸ் நம்பவில்லை. “உங்க அக்காகிட்ட கேளுங்க” என்கிறாள். மாட்டு மூளை பார்க்கிறவளிடம் பெண்பிள்ளையைப் பற்றி என்ன கேட்பது என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
15 செப்டம்பர் 1995

க்ளைவ்,

கால் வலிக்கிறது என்கிறாளா? தோலில் எரிச்சல் என்கிறாளா? கையிலிருந்து பொருள் நழுவுகிறதா? ஆம் இல்லை என்று மட்டும் எழுது. அல்லது இந்த எண்ணுக்குப் போன் செய். உடனே.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
30 அக்டோபர் 1995

ஹெஸ்டருக்கு,

மூன்று முறை போனில் பேசினோம். மூன்று முறையும் “கோப்பை கீழ விழுதா?” என்று கேட்டாய். மூன்று முறையும், ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்டதும் பேச்சை மாற்றினாய். “நரம்பு டாக்டர்கிட்ட காட்டு” என்கிறாய். எதற்கு என்று சொல்ல மாட்டேன் என்கிறாய். நீ பேசும்போது பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கிறது. நிற்கிறார்களா?

கோப்பை விழுகிறது. போதுமா? நேற்று அவள் என்னை ‘ஹாலெட்’ என்று கூப்பிட்டாள்.

இன்று காலை மாடியிலிருந்து வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள். அங்கே படியே கிடையாது, சமதரை. அவள் காலை உயரத் தூக்கி வைத்து உள்ளே வந்தாள். மேவிஸின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எனக்கு அந்த நடை தெரியும் ஹெஸ்டர். நான் மாட்டுக்காரன்.

உனக்குத் தெரிந்ததை எழுது. ‘ஆதாரம்’ என்ற சொல் இல்லாமல் எழுது.

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
2 நவம்பர் 1995

க்ளைவ்,

எழுதுகிறேன்.

அவளுக்கு வந்திருப்பது டாம்சனுக்கு வந்த நோய்தான் என்று நான் நினைக்கிறேன். மனிதருக்கு இதுபோல ஒரு நோய் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது கிழவர்களுக்கு, பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும். இப்போது வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் இளைஞர்களாகவே சிலரைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் மனச்சோர்வு, பிறகு கால், பிறகு கை, பிறகு நினைவு. எங்களுக்குப் பட்டியலை வாய்மொழியாகச் சொன்னார்கள். வெளியில் பேச வேண்டாம் என்றார்கள். ஒரு எண்ணிக்கை வரும்வரை காத்திருக்கிறார்கள். அது எத்தனை என்று யாரும் சொல்லவில்லை.

போனில் பேசும்போது பின்னால் யாரும் இல்லை. நான்தான் இருந்தேன். வாயை மூடிக்கொண்டே இருந்த ஒன்பது வருஷப் பழக்கம்.

மருந்து கிடையாது. மாதங்கள்தான். அவள் சொல்வது புரியாமல் போவதற்குள் அவளோடு பேசிக்கொண்டிரு. பள்ளிக்கூடச் சாப்பாட்டினால் வந்ததா, வீட்டுச் சாப்பாட்டினால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை, அதுதான் உண்மை. ஆனால் என் கையெழுத்து எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
20 பிப்ரவரி 1996

ஹெஸ்டருக்கு,

நாலாம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள். போனில் சொன்னபோது அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. கடைசி ஆறு வாரம் எங்களைத் தெரியவில்லை. சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். மேவிஸ் கதவு, மேசை, நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்தார். டாக்டர் கோட்டு போடாத ஆள். “சான்றிதழ்ல நிமோனியான்னு போடலாம். அதுவும் இருந்ததுதானே. மத்ததெல்லாம் ஆராய்ச்சி முடியட்டும்” என்றார். மேவிஸ் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். மூளையைப் பரிசோதனைக்குக் கொடுக்க மட்டும் கையெழுத்துப் போட்டோம்.

போன வெள்ளிக்கிழமை டிவர்ட்டனில் சங்கத்துக் கூட்டம். எனக்கு இரங்கல் தீர்மானம் போட வைத்திருந்தார்கள். நான் எழுந்து, தீர்மானம் வேண்டாம், நான் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். எல்லாம் சொன்னேன். 87-லேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஹேசலை விற்றதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அந்த வரியைப் படித்ததைச் சொன்னேன். கண்காட்சியில் ரொட்டி தின்றதைச் சொன்னேன்.

டென்ஸில் வின்ஸர் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஸாமர்செட்டிலிருந்து துக்கம் கேட்க வந்திருந்தார். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து என்னை நோக்கி வந்தார். பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அடிக்கப் போகிறார் என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள்.

அவர் எனக்கு முன்னால் நின்று, “அந்த மாட்ட வாங்கும்போதே எனக்குத் தெரியும்யா” என்றார். “காத ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. மலிவாக் கேட்டேன், நீ பேரம் பேசாம குடுத்த. அப்பவே புரிஞ்சுது. ரெண்டு மாசம் பால் கறந்துட்டு அறுப்புக்குத் தள்ளிவிடலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள என் மேல விழுந்துடுச்சு.” பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். “அதுக்கு முன்னால ரெண்டு மாட்ட அப்படித் தள்ளியிருக்கேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல், “நான் ஒண்ணு.” யாரென்று பார்க்க நான் திரும்பவில்லை. இன்னொரு குரல், “மூணு.” பாசில் யோ உட்கார்ந்தபடியே, “அந்தத் தீவனத்துக்குத் தடை வந்ததுக்கு அப்புறமும் மிச்சமிருந்த மூட்டைய வித்து முடிச்சேன்” என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

செயலாளர் பேனாவை மூடிவிட்டார். “இதெல்லாம் குறிப்புல ஏத்த வேணாம்” என்றார். ஏற்று என்றேன். ஏற்றவில்லை. கூட்டம் முடிந்தது. வெளியே வந்து எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

நான் சொல்லிவிட்டேன். நீ?

க்ளைவ்


கில்ட்ஃபோர்ட்
8 மார்ச் 1996

க்ளைவ், மேவிஸ் இருவருக்கும்,

உறவினர் என்பதால் ரொவீனாவின் ஸ்லைடுகளை நான் பார்க்கக் கூடாது என்று விதி. ஆஸ்பத்திரியில் பழைய தோழி ஒருத்தி இருக்கிறாள். மதிய இடைவேளையில் நுண்நோக்கியில் ஸ்லைடைப் பொருத்திவிட்டு, “நான் கீழ போயி சாண்ட்விச் வாங்கிட்டு வரேன் ஹெஸ்டர்” என்று அறையை விட்டுப் போனாள்.

துளைகள் இருந்தன. அவற்றோடு, கிழவர்களுக்கு வருகிற நோயின் ஸ்லைடுகளில் நான் பார்க்காத ஒன்றும் இருந்தது: பூப்போன்ற படிவுகள். நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் இதழ்போலத் துளைகள். சிறுமூளை முழுக்க. எண்ண ஆரம்பித்தேன், எண்ண முடியவில்லை. மாட்டிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதைத் தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

அந்த அறையை விட்டு நேராக வீட்டுக்குப் போகவில்லை. அறிக்கையின் முதல் படியை, என் கையால் எழுதிய ஐந்து சொற்களோடு, எடுத்துக்கொண்டு பாராளுமன்றக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். கொடுத்து ரசீது வாங்கினேன். ஆக்லண்டுக்கு நானே போன் செய்து சொன்னேன். “அதுல நீங்களும்தான் மாட்டுவீங்க” என்றார். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். 26-ஆம் தேதி காலை குழுவின் முன் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு எந்தச் சொல்லை எடுத்தாலும் கை கூசுகிறது.

ஹெஸ்டர்


கூம்ப் பார்ட்டன்
22 மார்ச் 1996

ஹெஸ்டருக்கு,

புதன்கிழமை மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து, தொடர்பு இருக்கலாம் என்று சொன்னதை வானொலியில் கேட்டோம். பத்து இளைஞர்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. மேவிஸ் வானொலியை அணைத்துவிட்டு, “நம்ம பொண்ண எண்ணினானா, இல்லையா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

நேற்றிலிருந்து பால் லாரி தவிர எந்த வண்டியும் வரவில்லை. சந்தை மூடிக் கிடக்கிறது. சங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து, “செவ்வாய்க்கிழமை உங்க அக்காவக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்ல முடியுமா?” என்றார். “உயிரோட இருக்கற மந்தையையாவது காப்பாத்தணும் க்ளைவ்.” நான் போனை வைத்துவிட்டேன். உன்னிடமும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டு கேட்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை ரயிலில் லண்டனுக்கு வருகிறோம். உன் வீட்டில் தங்க மாட்டோம், பாடிங்டன் பக்கத்தில் அறை சொல்லியாகிவிட்டது. மேவிஸ் உன்னோடு பேச மாட்டாள். அவளைப் பார்த்ததும் கிட்டே வந்துவிடாதே. விசாரணை நடக்கும்போது பின்வரிசையில் இருப்போம்.

உன்னை நம்பி வரவில்லை. அந்த ஐந்து சொல்லையும் நீ முழுசாகச் சொல்கிறாயா என்று பார்க்க வருகிறோம்.

க்ளைவ்